அதட்டப்பட்ட கடலும் அடங்காத கடலும்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தூத்தூருக்கும் நீரோடிக்கும் இடையே கடலையொட்டி நெருங்கிக் கிடக்கும் ஊர்களுள் ஒன்றிற்கு, 2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு மாலைப் பொழுதில் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தோம். நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி முனையை ஒட்டிக் கடந்துபோய் இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. அப்பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்பவர்கள். புயல் உருவாகும் செய்தியே எட்டாத தொலைவில் இருந்தவர்கள் பலர். சிலர் இலட்சத்தீவிலும், மராட்டிய, குஜராத் கரைகளிலும் ஒதுங்கி உயிர் பிழைத்தார்கள். பலர் வரவேயில்லை. வராதவர்களுள் ஒருவன், பள்ளியில் நம்மிடம் தமிழ் படித்த மாணவன்.

நம்மோடு ஜமாஅத்தைச் சேர்ந்த இருவரும் இளம் மவ்லவி ஒருவரும் வந்திருந்தனர். அழுது ஓய்ந்த வீட்டின் அமைதி அங்கே நிலவியது. பையனின் பாட்டனார் மடியில் வேதப்புத்தகத்தை விரித்தபடி அமர்ந்திருந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் கடலில் கிடந்தவர். நம்மை அமரச் சொன்னவர், சிறிது நேரம் கழித்து விரலைப் புத்தகத்தின் மேல் வைத்துக் கேட்டார்:

"சாரே, அவரு காத்தையும் கடலையும் அதட்டுனாரு, உடனே அடங்கிச்சுன்னு எழுதியிருக்கு. அண்ணைக்கு அடங்கின கடலு எம் பேரனுக்கு ஏன் அடங்கல்ல?"

நாம் தலை கவிழ்ந்திருந்தோம். திரும்பும் வழியில் இளம் மவ்லவி பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "உஸ்தாத், அந்தக் கதை நம் திருமறையில் இல்லை. அவர்கள் வேதத்தில் மனிதக் கை பட்டிருக்கிறது. இது பிற்காலத்தார் சேர்த்த கதை என்று எடுத்துச் சொல்லியிருந்தால், அந்தப் பெரியவரின் குழப்பமாவது நீங்கியிருக்குமே?"

அவருடைய மார்க்கப் பற்றை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி நம்மைப் பல மாதங்கள் உறங்கவிடவில்லை. பெரியவரின் கேள்வியைவிட மவ்லவியின் கேள்வியே நம்மை அதிகம் உறுத்தியது என்று சொன்னால் வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். நாஞ்சில் நாட்டில் பாங்கோசையும் கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. இங்கே வாழும் முஸ்லிம், அண்டை வீட்டார் நம்பும் அற்புதக் கதைகளை எந்தக் கண்கொண்டு நோக்குவது? நகைப்பதா? நம்புவதா? காதில் விழாததுபோல் கடந்துவிடுவதா?

வேதம் அருளப்பெற்ற மக்கள் தங்கள் வேதத்திலிருந்து ஒன்றைச் சொன்னால், அதை உண்மையென்றும் ஏற்காதீர்கள், பொய்யென்றும் தள்ளாதீர்கள். எங்களுக்கு அருளப்பட்டதையும் உங்களுக்கு அருளப்பட்டதையும் நம்புகிறோம் என்று கூறுங்கள் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். கடல் அடங்கிய நிகழ்ச்சி திருக்குர்ஆனில் இல்லை; அது பொய் என்றும் திருக்குர்ஆன் கூறவில்லை. ஆகவே அதைப் பொய்யாக்கும் அதிகாரம் அந்த மவ்லவிக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

மேலும், ஈஸா நபி (அலை) அவர்களின் அற்புதங்களை ஏற்பது நமக்கு ஈமானின் ஒரு பகுதியன்றோ? தொட்டிலில் பேசியது, களிமண்ணால் செய்த பறவை உயிர்பெற்றது, பிறவிக் குருடரும் குஷ்டரோகியும் நலம்பெற்றது, இறந்தோர் எழுந்தது ஆகியவற்றைத் திருமறையே எடுத்துரைக்கிறது. தொட்டிலில் பேசிய செய்தியும் களிமண் பறவையும் கிறிஸ்தவர்கள் ஏற்ற நான்கு சுவிசேஷங்களில் இல்லை. அவர்கள் நம்பாத அற்புதங்களையும் சேர்த்து நம்புகிற நாம், அவர்கள் நம்பும் அற்புதம் ஒன்றைக் கண்டு "இயற்கைக்கு மாறானது" என்று வாதாடினால் அது நியாயமாகுமா? இயற்கை விதி என்னும் வாளை அண்டை வீட்டாரை நோக்கி உருவுகிறவர், அந்த வாள் சந்திரன் பிளந்த செய்தியையும் தொடும் என்பதை மறக்கலாகாது. விவாத மேடைகளில் இந்த மறதியைப் பல தடவை கண்டிருக்கிறோம். கைதட்டல் நிறைய கிடைத்தது. தெளிவு பிறந்ததாக நினைவில்லை.

அற்புதத்தை அற்புதத்தோடு மோதவிடுவதில் பயனில்லை என்பதை இந்தியாவில் தெளிவாகக் கண்டவர் இராஜாராம் மோகன்ராய். அரபியும் பாரசீகமும் கற்று, அரபி முன்னுரையோடு பாரசீகத்தில் 'துஹ்ஃபத்துல் முவஹ்ஹிதீன்' என்னும் நூலை எழுதியவர் அவர். 1820இல் சுவிசேஷங்களிலிருந்து இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். அற்புதங்களை விட்டுவிட்டார். இந்நாட்டு மக்களிடம் இவற்றினும் வியப்பான கதைகள் ஏராளம் உண்டு. அற்புதம் சொல்லி இவர்களை வெல்ல முடியாது என்பது அவருடைய எண்ணம். செராம்பூர் பாதிரிமார் சினந்தெழுந்து மறுப்பு எழுதினார்கள். ஆண்டுக்கணக்கில் அந்தச் சர்ச்சை நீண்டது. மோகன்ராய் சொன்னதில் பாதியை நாம் ஏற்கிறோம். கதையைக் கத்தரித்துவிட்டால் போதனை மட்டும் தனியே நிற்கும் என்ற மறு பாதியை ஏற்க இயலவில்லை. அப்பெரியவரின் மடியில் இருந்தது போதனையன்று, கதையே. துன்பத்தில் மனிதன் கதையிடம்தான் போகிறான்.

வேறு சிலர் கதையைக் கத்தரிக்காமல் விளக்கிக் கரைத்துவிடுவர். நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் பவுலுஸ் என்னும் அறிஞர், ஈஸா நீரின்மேல் நடக்கவில்லை, கரையோரமாக நடந்ததைச் சீடர்கள் தவறாகக் கண்டார்கள் என்று விளக்கினார். நம்மவரிலும் சர் ஸையித் அஹ்மத் கான் அவர்கள், இறைவனின் சொல்லும் இறைவனின் செயலாகிய இயற்கையும் முரண்பட முடியாது என்று கூறி, அற்புதங்களுக்கு இயற்கையான பொருளே கண்டார். முஹம்மத் அஸத் அவர்கள் தம் திருக்குர்ஆன் ஆங்கில விளக்கத்தில், களிமண் பறவையை மனிதரின் தாழ்ந்த நிலையை உயர்த்துவதற்கான உருவகமாகக் கொண்டார். இவர்கள் பெரியோர், இவர்களது நோக்கமும் தூயது. எனினும், அன்றைக்குக் காற்று தானாகவே நின்றது, அது தற்செயல் என்று அந்தத் திண்ணையில் சொல்லியிருந்தால், அப்பெரியவர் நம்மை ஏற இறங்கப் பார்த்திருப்பார். காற்று தானாக நிற்பதையும் எழுவதையும் அறுபதாண்டுக் காலம் கடலிலிருந்து பார்த்தவர் அவர். அதை அறிய அவருக்கு வேதம் தேவையில்லை.

அப்படியானால் அந்தக் கதை எதற்காக அங்கே இருக்கிறது?

இங்கே சொல்லாராய்ச்சி சிறிது உதவும். நபிமார்களின் அற்புதத்திற்கு நாம் வழங்கும் 'முஃஜிஸா' என்ற சொல், அந்தப் பொருளில் திருக்குர்ஆனில் எங்குமே இல்லை. அது பிற்கால அகீதா அறிஞர்கள் வகுத்த சொல். எதிரியை இயலாதவனாக்குவது என்பது அதன் பொருள். வாதத்திற்கு ஏற்ற சொல். திருமறை வழங்கும் சொல்லோ 'ஆயத்'. அதாவது அத்தாட்சி, அடையாளம். மூஸா நபியின் கைத்தடியும் ஆயத்து; மழை பெய்து செத்த பூமி துளிர்ப்பதும் ஆயத்து; இரவு பகல் மாறுவதும், கப்பல் கடலில் செல்வதும் ஆயத்து. திருவசனமும் ஆயத்து. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் ஈஸாவின் அற்புதங்களைக் குறிக்கும் சொல்லும் அடையாளம் என்றே பொருள்படுவதைக் கிறிஸ்தவ அறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். இரு சமூகத்தாரும் வியப்பைப் பற்றி வழக்காடுகிறோம். இரு வேதங்களோ அடையாளத்தைப் பற்றிப் பேசுகின்றன. வழிகாட்டும் மைல்கல்லின் அடியில் அமர்ந்துகொண்டு, இந்தக் கல் எப்படி இங்கே வந்தது என்று சண்டையிட்டால் ஊர் போய்ச் சேருவது எப்போது?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் பதினேழாம் ஆய்வில் பஞ்சையும் நெருப்பையும் எடுத்துக்கொள்கிறார்கள். நெருப்பு பட்டவுடன் பஞ்சு எரிவதைக் காண்கிறோம். நெருப்புத்தான் எரித்தது என்பதை எங்கே கண்டோம்? இரண்டும் சேர்ந்து நிகழக் கண்டோம், அவ்வளவே. அதை அல்லாஹ் நடத்திவரும் வழக்கம் என்கிறார்கள் இமாமவர்கள். அவ்வழக்கத்திற்கு மாறாக ஒன்று நிகழ்வதே அற்புதம். இப்னு ருஷ்து இதை மறுத்து எழுதினார். காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான் என்றார். அவ்வழக்கை இங்கே தீர்க்கப் புகவில்லை. இமாமவர்களின் கூற்றிலிருந்து நமக்கு வேண்டுவது ஒன்றே: கடல் அடங்குவது அல்லாஹ்வுக்குப் பெரிய செயலும் அன்று, படகு ஒவ்வொரு நாளும் கரை திரும்புவது சிறிய செயலும் அன்று. வழக்கம் என்பதால் நாம்தான் அதைச் சிறிதாக எண்ணுகிறோம்.

(அல்லாஹ்வின் வழக்கம் பெரும்பாலும் மாறாது என்பதால்தான் புயலை முன்னறிய முடிகிறது. முன்னறியக்கூடியதை உரியவருக்குச் சேர்ப்பிக்காமல் விட்டுவிட்டு, விதி என்று கூறி அமைதி காண்பதை மார்க்கம் ஏற்காது. அந்த டிசம்பர் 7ஆம் நாள் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு, காணாமற்போனவர்களைத் தேடும்படி கோரினார்களே, அவர்கள் இறைநம்பிக்கையில் குறைந்தவர்கள் அல்லர்.)

இன்னொன்றும் கருதத்தக்கது. இரு வேதங்களிலும் செய்யப்பட்ட அற்புதங்களைப் படிக்கிறோம். மறுக்கப்பட்ட அற்புதங்களை யாரும் படிப்பதில்லை. பசித்திருந்த ஈஸாவிடம் ஷைத்தான் கற்களை அப்பமாக்கச் சொன்னபோது அவர் செய்யவில்லை என்று மத்தேயு எழுதுகிறார். வானத்திலிருந்து அடையாளம் காட்டு என்று கேட்டவர்களுக்கு அவர் காட்ட மறுத்துவிட்டதாக மாற்கு எழுதுகிறார். ஐந்து அப்பத்திலும் இரண்டு மீனிலும் ஐயாயிரம் பேர் பசியாறிய நிகழ்ச்சியை நால்வருமே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதன்பின் நடந்ததை யோவான் சொல்வது கவனிக்கத்தக்கது. உண்டவர்கள் அவரைப் பிடித்து அரசராக்க முயல்கிறார்கள். அவர் தனியே மலைக்கு ஒதுங்கிவிடுகிறார். மறுநாள் தேடி வந்தவர்களிடம், நீங்கள் என்னைத் தேடுவது அடையாளத்தைக் கண்டதால் அன்று, வயிறு நிரம்பியதால் என்னும் பொருள்படக் கடிந்துகொள்கிறார்.

நம் திருமறையின் ஸூரத்துல் மாயிதாவுக்கு அப்பெயர் வந்ததே சீடர்கள் கேட்ட உணவுத்தட்டினால்தான். வானத்திலிருந்து உணவுத்தட்டு இறங்குமா என்று ஹவாரிய்யூன்கள் கேட்கிறார்கள். ஈஸா (அலை) உடனே பிரார்த்திக்கவில்லை. அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்றே முதலில் எச்சரிக்கிறார். நாங்கள் அதிலிருந்து உண்ணவேண்டும், எங்கள் உள்ளம் அமைதிபெறவேண்டும் என்கிறார்கள் அவர்கள். உணவு முதலில், உள்ளம் அடுத்து! பின்னர் அல்லாஹ் இறக்குவதாக வாக்களித்தபோதும், அதற்குப் பின் நிராகரிப்பவனுக்குக் கடும் தண்டனையையும் சேர்த்தே அறிவிக்கிறான். அதே ஸூராவில் ஈஸாவின் அற்புதங்களை அல்லாஹ் நினைவூட்டும் ஒரே வசனத்தில் 'என் அனுமதியால்' என்ற சொல் நான்கு தடவை வருகிறது. மக்கத்துக் குறைஷியர் ஊற்றையும் தோட்டத்தையும் பொன்வீட்டையும் கேட்டபோது அண்ணலாருக்குக் கற்பிக்கப்பட்ட மறுமொழி, நான் தூதராக வந்த ஒரு மனிதன்தானே என்பதாகும்.

ஆக, அற்புதம் கேட்டவுடன் கிடைப்பதன்று. அதைச் செய்தவரின் உடைமையுமன்று. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மாற்கு எழுதிய புயற்கதையை நாம் மறுபடியும் படித்தோம்.

இரவு. படகில் நீர் நிரம்புகிறது. ஈஸாவோ பின்பக்கத்தில் தலையணையில் சாய்ந்து உறங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்பி, நாங்கள் மடிகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். கதையின் உயிர்நிலை இந்தக் கேள்வியில் இருப்பதாகவே நமக்குப் படுகிறது. காற்று அடங்கியபின் அவர், ஏன் அஞ்சினீர்கள் என்கிறார். கதை மகிழ்ச்சியில் முடியவில்லை, அச்சத்தில் முடிகிறது. இவர் யார் என்று சீடர்கள் நடுங்குகிறார்கள். அந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவர் சொல்லும் விடை வேறு, நாம் சொல்லும் விடை வேறு. அந்த வேறுபாடு சிறியதன்று. அதை மறைக்கவும் நாம் விரும்பவில்லை. ஆனால் அதற்கு முந்தைய கேள்வி இருவருக்கும் பொது. பழைய வேதத்தில் யூனுஸ் நபியும் புயலுக்கிடையே கப்பலின் அடித்தட்டில் உறங்குகிறார். மாலுமி வந்து எழுப்புகிறான். மாற்கு இதை அறியாமல் எழுதியிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

பெரியவர் கேட்டது எதை? தாம் படித்த கதைக்கு வெளியிலிருந்து அவர் கேட்கவில்லை. கதைக்குள் சீடர்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார். அவர் அந்தக் கதையை ஐயுறவில்லை. அந்தப் படகிலேயே ஏறி அமர்ந்திருந்தார். கரையில் நின்ற நாமோ அவர் படகு உண்மையா பொய்யா என்று வேனில் வாதாடிக்கொண்டு வந்தோம்.

திருக்குர்ஆனும் புயலைப் பலமுறை காட்டுகிறது. அலை சூழ்ந்தபோது மனிதர்கள் கலப்பற்ற உள்ளத்தோடு அல்லாஹ்வை அழைப்பதையும், கரை சேர்ந்தபின் மாறிவிடுவதையும் சொல்கிறது. அங்கே கேள்வி கடல் எப்படி அடங்கியது என்பதன்று. கரையேறியவன் என்ன ஆனான் என்பது.

கோட்டாற்றைப் பற்றி இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் நடக்கும் திருவிழாவை நாஞ்சில் நாட்டில் அறியாதார் இல்லை. ஒக்கி வீசியதும் அந்த நாட்களில்தான். வடுகர் படை வந்தபோது சவேரியார் சிலுவையோடு தனியே எதிர்நின்று படையைத் திருப்பியனுப்பினார் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். 1544இல் அவரே எழுதிய கடிதங்கள் காட்டும் காட்சி வேறு. வடுகருக்கு அஞ்சிக் குமரி முனைக்கு ஓடியவர்களுக்கு உணவு கொண்டுபோகத் தோணிகளோடு அவர் புறப்படுகிறார், எதிர்க்காற்று போகவிடவில்லை. பிறகு தரைவழியே போகிறார். உணவின்றித் தவித்தவர்களையும், நடக்கமாட்டாத முதியவர்களையும், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்களையும் கண்டு உள்ளம் நொந்து எழுதுகிறார். கவனியுங்கள்: காற்று அவருக்கும் அடங்கவில்லை. அவர் நடந்து போனார். பிற்காலத்தார் போற்றியது படையைத் திருப்பிய அற்புதத்தை. நமக்கோ அந்த நடை பெரிதாகத் தெரிகிறது.

இதைக் கூறி நாம் மட்டும் தப்பிவிட முடியாது. நம் வலிமார்களின் வரலாறுகளிலும் கராமத்துகள் ஏடு புரளப் புரளப் பெருகியிருக்கின்றன. தக்கலைப் பீர்முகம்மது அப்பா அவர்களின் ஞானப்பாடல்களின் ஆழத்தை அறிந்தவர் சிலர். அவர்களைப் பற்றிய அதிசயக் கதைகளை அறிந்தவர் பலர். வானில் பறப்பவனைக் கண்டாலும், அவன் இறைக்கட்டளையைப் பேணுவதைப் பார்க்கும்வரை ஏமாறாதீர்கள் என்பது பாயஸீதுல் பிஸ்தாமீ (ரஹ்) அவர்களின் எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, அச்சே நாட்டில் சுற்றிலும் யாவும் அழிய நிமிர்ந்து நின்ற பள்ளிவாசல்களின் படங்களை நம்மவர் பெருமையோடு அனுப்பிக்கொண்டார்கள். நம் மாவட்டத்தில் மட்டும் அன்று சுமார் 800 பேர் இறந்தனர். கட்டடத்தைக் காத்ததை அற்புதம் என்று கொண்டாடும் வாய், குளச்சலில் குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் என்ன சொல்லும் என்று அப்போதே நாம் எண்ணியதுண்டு.

இந்த இடத்தில்தான் நமக்கு அந்தச் சிறு மரணம் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு மதீனாவில் அண்ணலாரின் மகன் இப்ராஹீம் (ரலி) நோயுற்று இறந்தார். உயிர் பிரியும் குழந்தையை மடியில் ஏந்தி அண்ணலார் கண்ணீர் வடித்தார்கள். தாங்களுமா அழுகிறீர்கள் என்று தோழர் வியந்து கேட்டபோது, இது இரக்கம் என்றார்கள். கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, இறைவன் பொருந்தாத சொல்லை நாவு கூறாது என்னும் கருத்தை உரைத்தார்கள். அதே நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததற்காகச் சூரியனே இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். ஓர் அற்புதக் கதை பிறந்து அண்ணலாரின் வாசலில் வந்து நின்றது. அதை அவர்கள் உள்ளே விடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணமடைவதில்லை என்று அறிவித்துத் தொழுகையில் நின்றார்கள். அல்லாஹ்வின் அனுமதியால் எவருடைய கையில் அற்புதங்கள் நிகழ்ந்தனவோ, அவர் மடியில் அவர் பிள்ளை இறந்தது. அந்த நோய் அடங்கவில்லை.

2018ஆம் ஆண்டு நவம்பரில், ஓராண்டு நிறைவதற்கு இரண்டு நாள் முன்பு, மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனோம். இளம் மவ்லவியும் தாமாகவே உடன் வந்தார். பெரியவர் மெலிந்திருந்தார். சென்ற ஆண்டு அவர் கேட்டதற்கு நம்மிடம் இன்றும் விடையில்லை என்று முதலில் ஒப்புக்கொண்டோம். பிறகு எங்கள் நபியின் குழந்தை இறந்த செய்தியைச் சொன்னோம். கிரகணத்தைப் பற்றியும் சொன்னோம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"புள்ளைக்கு எத்தன வயசு சாரே?" என்றார்.

ஏறக்குறைய ஒன்றரை என்றோம்.

"பால்குடி மறந்திருக்காது" என்றார் அவர், தமக்குள்ளே பேசுவதுபோல். சற்றுக் கழித்து உள்ளே திரும்பி, மூன்று கட்டஞ்சாயா கொண்டுவரச் சொன்னார். மவ்லவி தம் கையால் முதல் தம்ளரை வாங்கி அவரிடம் நீட்டினார்.